முதல் அலை மட்டும்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முதுகுவலி மட்டுப்பட்டதா?

பக்கவாதம் வந்து மூன்று வருடம் கழித்து, அப்பா இப்போதுதான் இடது கையால் கரண்டியைப் பிடித்து அவரே சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு. குறை சொன்னால் கரண்டியை என் பக்கம் நீட்டி முறைக்கிறார். உன் போன கடிதத்தை நாலு தடவை வாசிக்க வைத்துவிட்டார். போனில் உன் குரல் கேட்டால் பதில் சொல்ல நாக்கு வராமல் அழுகிறார். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கலாம். அதனால் சோம்பேறித்தனம் பார்க்காமல் எழுது.

இது இரண்டாம் தாள். முதல் தாளை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். இது வழக்கம்போல உனக்கு மட்டும்.

டிசம்பரிலிருந்து எனக்குக் கெண்டைக்கால் துடிக்கிறது. வலி இல்லை. தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி இருக்கிறது, கண்ணாலேயே பார்க்கலாம். யூனிஃபார்ம் தைக்கிற இடத்தில் நாள் முழுக்க நின்று துணி வெட்டுகிறவளுக்குக் கால் துடிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இப்போது கையும் சேர்ந்துகொண்டது. கத்திரியை இறுக்கிப் பிடித்து வெட்டி முடித்ததும் விரல்கள் உடனே விரிய மாட்டேன் என்கின்றன. மற்ற கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து மேசைக்காரி, "கத்திரிய யாரு பிடுங்கப் போறா, விடுடி" என்று சிரிக்கிறாள்.

நீதான் ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க நரம்புக்கு ஷாக் கொடுத்துப் பார்க்கிறவன் ஆயிற்றே. இது என்ன என்று சொல்லு.

உன் தங்கை

—

பிப்ரவரி 18

அன்புள்ள கத்திரிக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். அண்ணியின் முதுகு பரவாயில்லை, வாய்க்குத்தான் இன்னும் ஓய்வு இல்லை. அப்பாவிடம் சொல், கரண்டி பிடிக்கும் அழகைப் பார்க்க நான் ஆசைப்படுகிறேன் என்று.

இரண்டாம் தாள்:

முதலில் பயத்தை விடு. எங்கள் லேபுக்குத் துடிப்பு என்று வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒன்றும் இருக்காது. தூக்கம் குறைவு, டீ அதிகம், நின்றே செய்யும் வேலை, மனசில் கவலை. இவ்வளவுதான். இமை துடிக்கும், கால் துடிக்கும், கொஞ்ச நாள் ஆட்டம் காட்டிவிட்டுப் போய்விடும். எனக்கே போன மாதம் இடது இமை ஒரு வாரம் அடித்துக்கொண்டது. நான் யாரையோ பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று அண்ணி சண்டைக்கு வந்துவிட்டாள்.

ஆனால் கை விரியாதது எனக்குப் பிடிக்கவில்லை. சாதாரணத் துடிப்புக்காரர்களுக்கு அப்படி ஆகாது. அதனால் மூன்று கேள்வி கேட்கிறேன், அலட்டிக்கொள்ளாமல் பதில் எழுது. ஒன்று, கண்ணை இறுக்க மூடித் திறந்தாலும் அப்படிச் சிக்கிக்கொள்கிறதா? இரண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்த்துக் கொட்டுகிறதா? மூன்று, நீ தூங்கும்போதும் கால் துடிக்கிறதா? உனக்குத் தெரியாது, யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல தூக்கத்திலும் ஓயாமல் நெளிகிறது என்றால் தசை சும்மா விளையாடவில்லை, நரம்பு தன்பாட்டில் சுட்டுக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அது வேறு சமாச்சாரம், ரொம்ப அபூர்வம்.

உனக்கு அது இருக்காது. ஆனாலும் எழுது.

அண்ணன்

—

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தானே? அப்பாவுக்கு இருமல் இருந்தது, இப்போது விட்டுவிட்டது. வருடாந்திரப் பரிசோதனைக்கு உன் ஆஸ்பத்திரியில் மார்ச் 24 திங்கட்கிழமை நாள் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமையே அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். உன் வீட்டு மூன்று மாடிக்கும் அவரை எப்படி ஏற்றப் போகிறாய் என்று யோசித்து வை.

இரண்டாம் தாள்:

கண்: ஆமாம். இறுக்கி மூடினால் திறக்க ஒரு நொடி தடுமாறுகிறது. வியர்வை: கேட்காதே. காலைக் குளிருக்கு மற்றவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு முதுகுத்துணி ஒட்டுகிறது.

தூக்கம்: இதற்குச் சாட்சி அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்கினேன். எழுந்தபோது என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடுது… தூங்குறே… ஆடுது" என்றார். அந்த மூன்று வார்த்தைக்கு அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. முகம் வெளிறிப்போயிருந்தது. "கொசுப்பா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றுக்கும் ஆமாம் என்று எழுதியிருக்கிறேன். இப்போது நீ என்ன சொல்கிறாய்?

உன் தங்கை

—

ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அப்பா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பயணக் களைப்பு. அண்ணியின் உபசாரத்துக்கு நன்றி சொல்லு. நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன்.

இரண்டாம் தாள்:

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவையும் பார்க்காமல் பூட்டியிருந்த லேபைத் திறந்து எனக்காக உட்கார்ந்தாயே. அப்பா சக்கர நாற்காலியில் கதவருகே உட்கார்ந்திருக்க, நீ என் கணுக்காலில் ஷாக் வைக்க, நான் தவளை மாதிரி துள்ள, நல்ல கூத்து.

பரிசோதனை நடக்கும்போது நீ ஒன்றும் பேசவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீ பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த மெஷின் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அதன் பின்னாலேயே சரளைக்கல் கொட்டுகிற மாதிரி இழுத்துக்கொண்டே போனது. நீ சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரையை உன் பக்கம் திருப்பிக்கொண்டாய். என்ன அது என்று கேட்டேன். "மெஷின் பழசு, இரைச்சல்" என்றாய். பிறகு எதையோ திருகி, மறுபடி ஒரு ஷாக் கொடுத்து, தாளை எடுத்து நீட்டினாய். ஒரு அழகான அலை. "பாரு, பாடப்புத்தகத்துல போடலாம். உனக்கு ஒண்ணும் இல்ல, சாதாரணத் துடிப்புதான்." அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, நீ பார்க்கவில்லை.

தாளை மடிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். வேலை இடத்தில் முதலாளியம்மாவிடமும் காட்டினேன். இனி தைரியமாகத் துடிக்கலாம்.

உன் தங்கை

—

ஏப்ரல் 29

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவின் ரிப்போர்ட் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரு சந்தோஷமான செய்தி. என்னை மேற்பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு வருடம். முடித்தால் லேபின் பொறுப்பு என்னிடம் வரும். பத்து வருடமாகக் காத்திருந்தது. இந்த ஒரு வருடமும் வாரத்தில் நாலு நாள் வெளியூரில் இருப்பேன். அண்ணி தனியாக, அந்த முதுகை வைத்துக்கொண்டு. அப்பாவை நீ பார்த்துக்கொள்கிறாய் என்பதால்தான் என்னால் இதற்குச் சம்மதம் சொல்ல முடிந்தது. அதை மறக்க மாட்டேன்.

டீயைக் குறைத்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி.

அண்ணன்

—

ஜூன் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

பயிற்சி எப்படிப் போகிறது? பெட்டி தூக்கி அலைவதில் உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். உன் பதவிச் செய்தியை வாசித்ததும் சிரிப்பார் என்று பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு இப்போதெல்லாம் என்னவோ போல இருக்கிறது. என் கையைப் பிடித்தால் விடுவதில்லை.

இரண்டாம் தாள்:

போன கடிதத்தில் உன் இரண்டாம் தாள் இல்லை. உறையைக் கிழித்தே பார்த்துவிட்டேன். நேரம் இருந்திருக்காது.

எனக்குக் குறையவில்லை, கூடிக்கொண்டுதான் போகிறது. இப்போது தொடை, தோள், முகவாய் எல்லாம் நெளிகின்றன. ஆறு கிலோ இறங்கிவிட்டேன். காலையில் எழுந்தால் கெண்டைக்கால் மரக்கட்டையாக இருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறேன். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது என் விரல்கள் அவர் தோளிலேயே மாட்டிக்கொள்கின்றன. அவருக்கு வலிக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை மின்கத்தியால் அறுபது மடிப்புத் துணியை ஒன்றாக வெட்டிக்கொண்டிருந்தேன். கோடு முடிந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும். கை வரவில்லை. கத்தி போய்க்கொண்டே இருந்தது. அறுபது சட்டையின் முதுகும் நாசம், என் இடது ஆள்காட்டி விரலில் நாலு தையல். முதலாளியம்மா திட்டவில்லை. "உங்க அண்ணனே மெஷின்ல வச்சுப் பாத்து ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. அப்ப இது மனசுல இருக்கறதும்மா. கொஞ்ச நாள் பட்டன் பிரிச்சுக்கிட்டு உக்காரு" என்றாள். பதினாறு வருடம் வெட்டின மேசையில் இப்போது வேறு ஒருத்தி நிற்கிறாள்.

இங்கே ஒரு நரம்பு டாக்டர் இருக்கிறாராம். போய்ப் பார்க்கட்டுமா? உன் மேல் நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை.

உன் தங்கை

—

ஜூலை 22

அன்புள்ள தங்கைக்கு,

விரல் ஆறிவிட்டதா? கவனமாக இரு. அப்பாவுக்கு என் அன்பைச் சொல். நாங்கள் நலம்.

நீ கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன், தனித்தாள் தேவையில்லை. டாக்டரிடம் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு டாக்டர் இன்னொருவரிடம் அனுப்புவார், அவர் ஸ்கேன் என்பார், நீ லீவு போட்டு அலைவாய், அப்பாவை யார் பார்ப்பது? உன் தாளை நீயே வைத்திருக்கிறாய். அலை ஒழுங்காக இருக்கிறது. துடிப்பையே கவனித்துக்கொண்டிருந்தால் அது கூடத்தான் செய்யும். நீ சின்ன வயதிலிருந்தே எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள். இதை மறந்து வேலையைப் பார், தானாகப் போய்விடும்.

அண்ணன்

—

செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமா? அப்பா சுகம். அவருக்கு இந்தக் கடிதத்தை நான் வாசிக்கவில்லை.

உன் பேச்சை மீறி டாக்டரைப் பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. குளியலறையில் விழுந்து அரை மணி நேரம் எழ முடியாமல் கிடந்தேன். அப்பா கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகும் போகாமல் இருக்க முடியவில்லை.

டாக்டரம்மா சின்ன வயது. நீ பிப்ரவரியில் கேட்ட அதே மூன்று கேள்வியைக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, "எங்க அண்ணனும் இதையேதான் கேட்டார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "கேட்டுட்டு என்ன சொன்னாரு?" என்றார். உன் தாளைக் கொடுத்தேன்.

அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ எண் இருக்கிறதே, அதைப் படித்தார். பிறகு சொன்னார்: "இதுல முதல் அலை மட்டும்தான் இருக்கு. அலை அடங்குற இடத்துலயே திரையும் முடிஞ்சுபோகுது. வெறும் இருபது மில்லி செகண்ட், ஒரு நொடியில அம்பதுல ஒரு பங்கு. தப்புன்னு சொல்ல மாட்டேன், சில சோதனைக்கு இப்படித்தான் வைப்போம். ஆனா உங்களுக்கு என்ன நடக்குதுன்னு தெரியணும்னா அதுக்கு அப்புறம் வர்றதைத்தான் பாக்கணும்."

அவர் திரையை அகலமாக வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதல் அலை எழுந்து இறங்கியது. ஆரோக்கியமான ஆளுக்கு அதோடு கோடு நேராகிவிடுமாம். எனக்கு நேராகவில்லை. ஷாக்கை நிறுத்திய பிறகும் நரம்பு விடாமல் சுட்டுக்கொண்டே இருக்கிறது, குட்டி குட்டி அலையாகத் திரை முடியும் வரை. பிறகு மெஷினோடு சேர்ந்த ஊசியைத் தசையில் குத்தி, அதன் சத்தத்தைக் கேட்க வைத்தார். சாதாரணத் துடிப்பு என்றால் 'டப்' என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அவ்வளவுதானாம். எனக்குக் கொத்துக் கொத்தாக வந்தது. சரளைக்கல் கொட்டுகிற சத்தம். உன் லேபில் கேட்டது.

அபூர்வமான நரம்பு நோய்தானாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கி அதை ஓயவிடாமல் செய்கிறதாம். சில பேருக்கு நெஞ்சுக்குள் கட்டி இருந்து, அதனாலும் வருமாம். அதற்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார். வலிப்புக்காரர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையையே எனக்கும் கொடுத்திருக்கிறார்.

நீ கவனிக்காமல் விட்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை, அவசரம், மெஷின் வேறு பழசு. டாக்டரம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் உன் ஆஸ்பத்திரிக்கு எழுதி அன்றைய பதிவு முழுவதையும் கேட்டிருக்கிறார். உனக்கு அதில் சங்கடம் ஒன்றும் வராதே? ஒரு வரி எழுதிப் போடு.

உன் தங்கை

—

அக்டோபர் 6

அண்ணாவுக்கு,

ஒரு வரி வரவில்லை. பதிவு வந்துவிட்டது.

மெஷின் எல்லாவற்றையும் வைத்திருக்கும் என்பது உனக்குத் தெரியாதா, அல்லது என் டாக்டர் கேட்பார் என்று தோன்றவில்லையா? மார்ச் 23, காலை பதினொன்று பத்திலிருந்து பதினொன்று முப்பத்தாறு வரை. ஒன்பது பதிவு. முதல் இரண்டு வழக்கமானவை. மூன்றாவதில் திரையை அகலமாக்கியிருக்கிறாய். அலைக்குப் பின்னால் நீளும் அந்த வால் தெளிவாக இருக்கிறது. நம்பாமல் மறுபடி எடுத்திருக்கிறாய். பிறகு இடது கால். பிறகு கை. பிறகு இன்னொரு தடவை. ஐந்து முறை, அண்ணா. ஐந்து முறை நன்றாகப் பார்த்துவிட்டு, எட்டாவதில் திரையைச் சுருக்கி, ஒன்பதாவதை அச்சடித்து என் கையில் கொடுத்திருக்கிறாய்.

டாக்டரம்மா, "டெக்னீஷியன் ரொம்ப கவனமாத்தான் பாத்திருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் கட்டி இருக்கிறது. நாலு சென்டிமீட்டர். நவம்பர் 11 அன்று எடுக்கிறார்கள். மார்ச்சில் இது எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாதாம். இனி அந்தக் கேள்வியோடு வாழ்வது என் தலையெழுத்து.

மாத்திரை ஆரம்பித்து இரண்டே வாரத்தில் என் விரல்கள் விரிய ஆரம்பித்துவிட்டன. இரண்டு வாரம். நீ தண்ணீர் குடிக்கச் சொன்னாய்.

ஊரார் என்னைப் பைத்தியம் என்றபோதெல்லாம் உன் தாளை எடுத்துக் காட்டி, எனக்கு ஒன்றும் இல்லை என்று நானே அவர்களோடு சேர்ந்து சொன்னேன். ஏன் இப்படிச் செய்தாய்? இதற்கு மட்டும் பதில் எழுது.

—

அக்டோபர் 20

தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ எழுதியது எல்லாம் உண்மை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இது உடனே உயிரைப் பறிக்கும் நோய் இல்லை என்பதும் தெரியும். மருந்து இருக்கிறது, ஒரு வருடம் பொறுத்து ஆரம்பித்தாலும் வேலை செய்யும் என்று நினைத்தேன். நெஞ்சில் கட்டி இருக்கலாம் என்பது என் மனதில் வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். பயிற்சிக் கடிதம் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் வந்திருந்தது. உனக்கு நோய் என்றால் அப்பா இங்கே வர வேண்டும். அண்ணியால் முடியாது, நான் பயிற்சியை விட வேண்டும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் போதும் என்று பட்டது. நான் சொன்னது பொய் இல்லையே, அந்தத் தாளில் இருக்கிற அலை உன்னுடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிவை அழித்திருக்கலாம். அழிக்க மனம் வரவில்லை. அதையாவது நினைத்துப் பார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் மட்டும் இல்லை. அன்று மதியம் நீ தூங்கும்போது அப்பாவிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லிவிடு என்று அவர் என் மனதை மாற்றுவார் என்றுதான் போனேன், சத்தியமாக. விஷயம் தெரிந்தால் நீ அவரை வைத்துக்கொள்ள முடியாது, என் வீட்டிலும் இடமில்லை, ஏதாவது ஒரு முதியோர் ஹோமில்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லாத… அவகிட்ட சொல்லாத" என்றார். அப்பாவே கேட்டுக்கொண்ட பிறகு நான் என்ன செய்வது?

லேபில் என்னை விசாரிக்கிறார்கள். பயிற்சியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு நான் வரட்டுமா?

அண்ணன்

—

நவம்பர் 3

உன் கடிதம் கிடைத்தது.

அதை அப்பாவுக்கு முழுவதுமாக வாசித்தேன். ஒரு வரியையும் ஒதுக்கவில்லை. நீ பொய் சொல்லியிருப்பாய், அப்பா இல்லை என்று தலையாட்டுவார் என்று கடைசி வரை காத்திருந்தேன். அவர் ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "பயம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, சாப்பாடு ஊட்டிவிட்டு, பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். உன் மேல் மட்டும் கோபம் என்றால் தாங்கிக்கொள்வேன். நான் மரக்கட்டைக் காலோடு அவரைப் புரட்டும்போது, என்ன நோய் என்று தெரிந்துகொண்டே அவர் படுத்திருந்தார். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் அவரும் நீயும் ஒன்று இல்லை. எழுந்து நடக்க முடியாத மனுஷர், பயந்தார். நீ நாலும் யோசித்தவன். அவரைப் பயமுறுத்திச் சம்மதம் வாங்கி, அந்தச் சம்மதத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய்.

ஆபரேஷனுக்கு நீ வர வேண்டாம். பக்கத்து மேசைக்காரி கூட இருக்கிறாள். முதலாளியம்மா வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அப்பாவை உன்னிடம் அனுப்ப எட்டாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்திருக்கிறேன். மதியம் மூன்றுக்குள் உன் வாசலுக்கு வரும். லிஃப்ட் இல்லை என்று சொல்லிவிட்டேன், இரண்டு பேர் மேலே தூக்கிக் கொண்டுவந்து விடுவார்கள். கட்டிலை ஜன்னலோரமாகப் போடு, அவருக்கு வெளியே பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை, வலது இடுப்பில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார். தண்ணீரை அப்படியே கொடுக்காதே, புரையேறும், பையில் இருக்கிற மருந்து மாவைக் கலந்து கெட்டியாகக் கொடு. ஷேவ் செய்யும்போது தாடைக்குக் கீழே மெதுவாக. மாத்திரைகளைக் காலை, மதியம், மாலை என்று மூன்று டப்பாவில் பிரித்துப் பையில் வைத்திருக்கிறேன். அவரை ஹோமில் சேர்த்தாய் என்று கேள்விப்பட்டால், எந்த நிலைமையில் இருந்தாலும் அங்கே வந்து நிற்பேன்.

உன்னிடம் வருகிறார் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என்னை விட்டுப் போக மாட்டேன் என்று அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் விடுவித்துக்கொண்டேன். இப்போது என் விரல்கள் நன்றாக விரிகின்றன.

இத்தனை வருடம் நாம் கடிதம் எழுதிக்கொண்டது அப்பா கேட்பதற்காகத்தான். இனி அவர் உன் வீட்டில் இருப்பார். எனக்கு எழுதாதே.